ஒரே வன்தட்டில் இருபது ஆண்டுப் படங்கள், அப்பாவின் குரல்: எங்கே வைத்தால் நிலைக்கும்?

நிழற்பெட்டி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பப் புகைப்படங்கள், 2003ஆம் ஆண்டு வாங்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் தொடங்கி இன்றைய கைபேசி வரை, ஏறத்தாழ 41,000 கோப்புகளாக, 160 ஜிபி அளவுக்கு ஒரே ஒரு வெளிப்புற வன்தட்டில் இருக்கின்றன. சென்ற வாரம் அதை மடிக்கணினியில் இணைத்தபோது, சுவர்க்கடிகாரம் போல டக், டக் என்று சீரான இடைவெளியில் ஓசை கேட்டது. கோப்புறைகளின் பெயர்கள் திரையில் தெரிவதற்கே இரண்டு நிமிடம் ஆயிற்று. சில படங்கள் மேற்பாதி மட்டும் தெரிந்து, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாக நின்றன. பயந்துபோய் உடனே கழற்றி வைத்துவிட்டேன். அதன் பிறகு தொடவில்லை.

படங்களைவிட என் மனத்தை அரிப்பது வேறொன்று. அப்பா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய குரல் எங்களிடம் ஒரே ஒரு கோப்பில்தான் இருக்கிறது. அக்காவின் பழைய பொத்தான் கைபேசியில், அவர் அறியாமல் பதிவான ஒரு நிமிடம் ஐம்பது வினாடி அது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று அம்மாவிடம் கேட்கிறார், அம்மா ஏதோ சொல்கிறார், இருவரும் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கோப்பு ஏ.எம்.ஆர். என்ற வகையைச் சேர்ந்தது. என் புதிய கைபேசியில் அது திறக்கவே இல்லை.

இனி என்ன செய்வது என்பதில் வீட்டில் இரண்டு கருத்து. மாதச் சந்தா கட்டி எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் சேமிப்பில், ஏற்றிவிட்டால் கவலை விட்டது என்கிறான் தம்பி. அடுத்தவர் கையில் கொடுக்காமல் இரண்டு வன்தட்டுகள் வாங்கி நாமே வைத்துக்கொள்வோம் என்கிறார் அக்கா. இரண்டில் எது சரி? இன்னும் முப்பது ஆண்டு கழித்து எங்கள் பிள்ளைகள் இவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முனைவழி:

கிளவுடா வன்தட்டா என்ற கேள்வியைச் சிறிது நேரம் ஒதுக்கி வையுங்கள். முதலில் கையில் இருக்கும் தட்டைக் காப்பாற்ற வேண்டும். கழற்றி வைத்தது மிகச் சரியான செயல். தயவுசெய்து மறுபடி இணைக்காதீர்கள். வன்தட்டினுள் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை அவற்றின் மேற்பரப்பைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. டக், டக் என்று சீராக ஓசை வந்தால், அந்த முனை தான் நிற்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பெரும்பாலும் பொருள். அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டைக் கீறக்கூடும். கீறிய இடத்தில் இருந்த படத்தை எந்த நிபுணராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இரண்டு தவறுகளை மட்டும் செய்யாதீர்கள். பழுதுபார்க்கும் மென்பொருள் எதையும் அதன்மீது ஓட்ட வேண்டாம். அவை தட்டில் எழுதவும் செய்யும் என்பதால் மீதியும் கெடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அதோடு கதை முடியும். ஓசை எதுவும் இல்லாமல் வேகம் மட்டும் குறைந்திருந்தால், டிடி-ரெஸ்க்யூ போன்ற நகலெடுக்கும் மென்பொருளால் நீங்களே முயலலாம் என்பேன். அது நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எது முடிந்தது, எது மிச்சம் என்று ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் சொல்லும் ஓசைக்குத் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே நல்லது. செலவு அதிகம் ஆகும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். அக்காவின் அந்தப் பழைய கைபேசி இப்போது எங்கே? பலர் கைபேசியை மாற்றும்போது உள்ளே இருக்கும் மெமரி கார்டை எடுக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். தட்டில் இருக்கும் நகலை மீட்பதற்கு முன்பு மூலம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

காப்பறை:

மேலே முனைவழி சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில், தம்பி சொல்வதும் அக்கா சொல்வதும் இரண்டும் வேண்டும் என்பதே. அதோடு, இருவருமே சொல்லாத மூன்றாவது ஒன்றும் வேண்டும். எடுத்து வைத்த நகல் உண்மையில் திறக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்ப்பதுதான் அது. இருபது ஆண்டுகளாக மற்றவர்களின் கணினிகளைப் பராமரிப்பதே என் தொழில். இந்த மூன்றாவதைச் செய்யாததால் நானே இழந்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்னிடம் இரண்டு வன்தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுக்க ஒரு மென்பொருளை அமைத்திருந்தேன். அதுவும் தவறாமல் "முடிந்தது" என்று பச்சை எழுத்தில் காட்டும். மூன்று ஆண்டுகள் கழித்து முதல் தட்டு செத்தது. பதற்றமே இல்லாமல் இரண்டாவதைத் திறந்தேன். படங்கள் எல்லாம் இருந்தன. என் மகள் முதன்முதலாக நடந்த நாளில் எடுத்த நீண்ட வீடியோ இல்லை. அதுபோல இன்னும் முப்பத்தாறு வீடியோக்கள் இல்லை. காரணம் மிகச் சிறியது. இரண்டாவது தட்டு ஃபேட்32 என்ற பழைய முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தது; அந்த முறையில் 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு கோப்பை வைக்கவே முடியாது. மென்பொருள் அவற்றைத் தவிர்த்துவிட்டு, தவிர்த்ததை ஒரு பதிவுக் கோப்பில் வாராவாரம் எழுதியும் வைத்திருந்தது. "தவிர்க்கப்பட்டவை: 37" என்ற அந்த வரியை நான் மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடப் படிக்கவில்லை. இரண்டாவது தட்டிலிருந்து ஒரே ஒரு வீடியோவை ஒரே ஒரு முறை திறக்க முயன்றிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

இது வீட்டில் மட்டும் நடப்பதும் அன்று. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களை இணையத்தில் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் இருப்பதை உணராமல் ஏறத்தாழ 300 ஜிபி தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நகல் எடுக்க அவர்களிடம் ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் அவற்றில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அன்றாட நகலை எடுக்கும் கருவி, தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாத பழைய பதிப்பாக இருந்ததால் வெகுநாள்களாகத் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரிய கையொப்பம் இல்லாததால் நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான். அதையே தொழிலாகச் செய்பவர்களுக்கே இந்த நிலை என்றால், வீட்டில் இருக்கும் நாம் "முடிந்தது" என்ற ஒரு சொல்லை நம்பி உறங்கக் கூடாது.

நடைமுறைக்கு வருகிறேன். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய 3-2-1 என்ற விதி இன்றும் போதுமானது: மூன்று படிகள் (நகல்கள்), இரண்டு வேறுவேறு வகை ஊடகங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். உங்கள் வீட்டுக்கு அதைப் பொருத்தினால், ஒரு புதிய வன்தட்டு உங்களிடம், இன்னொன்று அக்கா வீட்டில், மூன்றாவது படி கிளவுடில். அக்கா வேறு வீட்டில் இருக்கிறார் என்றால் அதுவே பெரிய வசதி. திருட்டோ தீயோ வெள்ளமோ ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் வருவது அரிது.

ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கைபேசியையும் கிளவுடையும் ஒத்திசைத்து வைத்தால் அதுவே பேக்கப் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஒத்திசைவு என்றால் இங்கே நடப்பது அங்கேயும் நடக்கும். கைபேசியில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும். கூகுள் போட்டோஸ் குப்பைத் தொட்டியில் அதை 60 நாளும், ஆப்பிளின் ஐகிளவுட் 30 நாளும் வைத்திருக்கும். அதற்குள் கவனிக்காவிட்டால் எங்கும் இருக்காது. கைபேசியில் இடம் இல்லை என்று படங்களை மொத்தமாக அழித்துவிட்டு, கிளவுடில் இருக்கும் என்று நம்பி வந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேக்கப் என்பது நீங்கள் இங்கே அழித்தாலும் அங்கே அழியாமல் கிடப்பது.

மேகவழி:

காப்பறை அவர்களின் அறிவுரையில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது காப்பறை போன்றவர்களுக்கான அறிவுரை. நிழற்பெட்டி கேட்டது ஒரு குடும்பத்துக்காக. அந்தக் குடும்பத்தில் ஆண்டுக்கு நான்கு முறை வன்தட்டை எடுத்து, இணைத்து, நகலெடுத்து, திறந்து சோதிப்பவர் யார்? இருபது ஆண்டுகளாக ஒரே தட்டில் எல்லாம் இருந்திருக்கிறது என்பதே அதற்குப் பதில். இதைக் குறையாகச் சொல்லவில்லை, என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மனிதர் மறந்தாலும் தானாக நடந்துகொண்டிருக்கும் ஏற்பாடுதான் மறதியிலிருந்து காக்கும். அந்த வகையில் தம்பி சொல்வதில் நியாயம் அதிகம்.

எண்ணிக்கையோடும் பார்ப்போம். பேக்பிளேஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் வன்தட்டுகளில் எத்தனை செத்தன என்ற கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. 2023இல் அது 1.40 சதவீதம். அதாவது நல்ல குளிரூட்டலும் மின்சாரமும் கொண்ட இடத்திலேயே நூற்றில் ஒன்றிரண்டு தட்டுகள் ஆண்டுதோறும் சாகின்றன. அங்கே ஒரு தட்டு செத்தால் வேறு தட்டுகளில் இருக்கும் பகுதிகளைக் கொண்டு தரவை மறுபடி கட்டிவிடுவார்கள்; வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. நம் வீட்டில் இழுப்பறையில் தூங்கும் தட்டு செத்தால், அதை எழுப்பும் நாளில்தான் தெரியும்.

கிளவுடுக்குப் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கூகுள் போட்டோஸில் "அசல் தரம்" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். சேமிப்பைக் குறைக்கும் அமைப்பில் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் சுருக்கப்படும், வீடியோக்கள் 1080 வரிக்குக் குறைக்கப்படும். முப்பது ஆண்டு கழித்துப் பெரிய திரையில் பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கு அந்த இழப்பு தெரியும்.

காப்பறை:

மேகவழி சொல்லும் மறதி உண்மைதான். கிளவுட் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. கிளவுட் மட்டும் போதும் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். அதுவும் ஒருவருடைய கட்டடத்தில் இருக்கும் கணினிதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுவதுமாக எரிந்தது. அதே கட்டடத்திலேயே நகலையும் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒரே இரவில் இழந்தார்கள். தீ வேண்டாம், நிறுவனத்தின் முடிவு ஒன்றே போதும். மக்கள் தங்கள் பக்கங்களையும் படங்களையும் ஏற்றி வைத்த இணையத் தளங்களில் ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, ஆர்குட் 2014இல், கூகுள் பிளஸ் 2019இல். அதே 2019இல், 2016க்கு முன்பு ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் சர்வர் மாற்றத்தின்போது போய்விட்டதாக மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் ஒப்புக்கொண்டது. கூகுள் போட்டோஸ் 2015இல் தொடங்கியபோது வரம்பில்லாமல் இலவசம் என்று தந்த வசதி 2021 ஜூன் 1 அன்று நின்றுபோனது. இவர்கள் யாரும் நம்மை ஏமாற்றினார்கள் என்பது என் வாதமே அன்று. நாம் கேட்பது முப்பது ஆண்டு. எந்த நிறுவனமும் நமக்கு முப்பது ஆண்டு வாக்குக் கொடுத்ததில்லை.

மேகவழி:

அதை ஏற்கிறேன். அப்படியானால் இருவருக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம்: அன்றாடம் கிளவுடில் தானாக ஏறட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, குடும்பம் மறக்காத ஒரு நாளில், கூகுளில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் டேக்அவுட் போன்ற வசதியால் எல்லாவற்றையும் இறக்கி அக்கா வீட்டுத் தட்டில் வைக்கட்டும். இறக்கும்போது படங்களோடு சிறு உரைக் கோப்புகள் ஏராளமாக வரும். குப்பை என்று நினைத்து அவற்றை அழித்துவிட வேண்டாம். நீங்கள் கிளவுடில் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அவற்றில்தான் இருக்கும்.

ஏட்டுப்பணி:

ஆவணக் காப்பகம் ஒன்றில் பணிபுரிகிறேன். எங்கே வைப்பது என்று எல்லாரும் விரிவாகப் பேசிவிட்டீர்கள். எந்த வடிவில் வைப்பது, எதை வைப்பது என்பவை பற்றி நான் சொல்ல விரும்புகிறேன். என் அனுபவத்தில் தட்டு செத்து இழப்பவர்களைவிட, தட்டு நன்றாக இருந்தும் உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாமல் இழப்பவர்களே மிகுதி.

பிரிட்டனில் 1086ஆம் ஆண்டு நில அளவை செய்து தோலில் எழுதிய டூம்ஸ்டே ஏட்டை இன்றும் கண்ணால் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டு நிறைவுக்காக 1986இல் பிபிசி, பள்ளி மாணவர்களின் உதவியோடு நாடு முழுவதும் படங்களும் குறிப்புகளும் திரட்டி லேசர் வட்டுகளில் பதிந்தது. அந்த வட்டைப் படிக்கும் கருவியும் கணினியும் வழக்கொழிந்து போனதால், இருபது ஆண்டுகள்கூட ஆவதற்கு முன்பே அது படிக்க முடியாமல் போகும் நிலை வந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் புதிய கணினிக்குள் மென்பொருளாகப் போலச்செய்து அதை மீட்க வேண்டியிருந்தது. வட்டில் ஒரு கீறலும் இல்லை. படிக்கும் மொழி மறைந்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் அப்பாவின் குரல் புதிய கைபேசியில் திறக்காததும் இதே நோயின் தொடக்கம்தான்.

ஆனால் அந்தக் கோப்பு வகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஏ.எம்.ஆர். என்பது தொலைபேசிக் குரலுக்காகவே 1999இல் ஏற்கப்பட்ட முறை. அதன் விவரங்கள் வெளிப்படையாக இருக்கின்றன. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் அதைப் படிக்கும். வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் ஒரு படி எடுத்து வையுங்கள். இவை ஒலியை மேலும் சுருக்கி இழக்காதவை. மூலக் கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்க வேண்டாம். இரைச்சலை நீக்குகிறேன் என்று யாராவது செயலி காட்டினாலும் படியின் மேல் செய்யுங்கள், மூலத்தின் மேல் வேண்டாம். பின்னணியில் கேட்கும் மின்விசிறியின் ஓசையும் அந்த வீட்டின் ஓசைதான். பின்னாளில் அதைத் திரும்பக் கேட்க விரும்புவீர்கள்.

படங்களைப் பொறுத்தவரை ஜேபெக் வடிவம் 1992இல் தரப்படுத்தப்பட்டது, இன்றும் எல்லாக் கருவியிலும் திறக்கிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐபோனில் 2017 முதல் வரும் ஹெய்க் கோப்புகள் எல்லா இடத்திலும் திறப்பதில்லை. மிக முக்கியமான படங்களுக்கு ஜேபெக் படி ஒன்றும் சேர்த்து வைக்கலாம். இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள் இருந்தால், அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்; இல்லாவிட்டால் அவை வெறும் குறிகளாகத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களை மூலமாகக் கருத வேண்டாம். வழக்கமான முறையில் அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், கேமரா போன்ற உள்விவரங்களையும் நீக்கிவிடுகிறது. அந்தக் கோப்பின் பெயரில் இருக்கும் தேதியைப் படம் எடுத்த தேதி என்று நம்பிவிடாதீர்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. 41,000 படங்களையும் காப்பாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 41,000 படங்களை உங்கள் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள். ஓர் ஆண்டுக்கு இருபது என்று, மொத்தம் ஒரு நானூறு படங்களைத் தனிக் கோப்புறையில் எடுத்து வையுங்கள். பெயரைத் தேதியில் தொடங்குங்கள், ஆண்டு முதலில் வரட்டும்: 2009-11-22 என்று தொடங்கினால் எந்தக் கணினியும் வரிசை தவறாமல் அடுக்கும். தேதிக்குப் பின் இடமும் பெயர்களும் வரட்டும்.

பெயர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் காப்பகத்துக்கு ஒரு குடும்பம் கொடுத்த படம் ஒன்று இன்னும் என் மேசை மேல் இருக்கிறது. ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் அமர்ந்திருக்கும் சிறுமி இடது கையால் பாவாடை ஓரத்தைப் பிடித்திருக்கிறாள். ஒரு தையல்கூட மங்காத தெளிவான படம். ஆறு பேரில் இரண்டு பேரைத்தான் குடும்பத்தினரால் அடையாளம் சொல்ல முடிந்தது. சொல்லக்கூடிய பாட்டி அதற்கு முந்தைய ஆண்டு மறைந்துவிட்டார். உங்கள் அம்மா நலமாக இருக்கிறார் என்று நினைக்கிறேன். தட்டு மீட்பு, சந்தா, நகல் எல்லாம் ஒரு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கேட்பதை இந்த வாரமே தொடங்குங்கள்.

அந்த நானூறில் நாற்பதைத் தாளில் அச்சிட்டும் வையுங்கள். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃபே 2015இல், மிகவும் வேண்டிய படங்களை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். கணினியின் மீது நம்பிக்கை இல்லாதவர் அல்லர் அவர்.

தாழ்ப்பாள்:

யாரும் தொடாத ஒரு செய்தி மட்டும். தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டி வைத்தால், அந்தச் சொல் குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும். விண்டோஸில் வரும் பிட்லாக்கர் என்ற பூட்டு வசதியைக் கொண்டு பூட்டினால் 48 இலக்க மீட்பு எண் ஒன்று தரும்; அதைத் தாளில் எழுதி, வேறு வீட்டில் வையுங்கள். அந்த எண்ணும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை என்றால் எந்த நிபுணரும் திறக்க முடியாது. திறக்க முடியாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது அது. என் சித்தப்பா மறைந்தபோது அவருடைய தட்டு நல்ல நிலையில் எங்கள் கையில் இருந்தது. இன்றும் இருக்கிறது, பூட்டியபடியே.

கிளவுட் கணக்குக்கும் இதே கவனம் வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023இல் அறிவித்தது. நீண்ட நாள் செயல்படாத கணக்கின் தரவு யாருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதியும் அங்கே உண்டு. ஆப்பிளும் 2021 முதல் அத்தகைய வசதி தருகிறது. பத்து நிமிட வேலை. தம்பியின் பெயரில் கணக்கு என்றால் தம்பியே இன்று செய்துவிடலாம்.

நிழற்பெட்டி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். முனைவழி கேட்ட கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. அக்காவின் பழைய கைபேசி மின்னூட்டம் ஏற்க மறுத்தது. ஆனால் பின்மூடியைத் திறந்தபோது மெமரி கார்டு உள்ளேயே இருந்தது. கார்டு ரீடரில் போட்டதும் அப்பாவின் கோப்பு முதல் கோப்புறையிலேயே கிடந்தது, வெறும் 170 கேபி. ஏட்டுப்பணி சொன்னபடி வேவ் படி எடுத்து, மூலத்தையும் சேர்த்து, மூன்று இடங்களில் வைத்துவிட்டோம். காப்பறை அவர்களுக்காக மூன்றையும் வேறுவேறு கருவியில் திறந்து, கடைசிச் சிரிப்பு வரை கேட்டும் பார்த்தேன்.

வன்தட்டை நிபுணரிடம் கொடுத்தோம். படிக்கும் முனையை மாற்றி, 41,000இல் ஏறத்தாழ 38,000 படங்களை மீட்டுத் தந்தார். 2012 கோப்புறையில் பாதி போய்விட்டது. அந்த ஆண்டு உறவினர்களுக்கு அனுப்பிய படங்கள் அவர்களுடைய பழைய மின்னஞ்சல்களில் இருக்கலாம் என்பதால் ஒவ்வொருவராகக் கேட்டு வருகிறேன். இதுவரை அறுபது திரும்பி வந்திருக்கின்றன. தம்பி சந்தா கட்டி, கணக்கில் அக்காவின் பெயரையும் குறித்துவிட்டான். ஒரு தட்டு என்னிடமும் ஒன்று அக்காவிடமும் இருக்கின்றன. இரண்டுமே ஃபேட்32 இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டோம்.

ஒவ்வொரு மாலையும் அரை மணி நேரம் அம்மாவோடு உட்கார்கிறேன். நான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன், அம்மா பெயர் சொல்கிறார், நான் தட்டச்சு செய்கிறேன். சில படங்களில் ஐந்து நிமிடத்துக்குமேல் நின்றுவிடுகிறோம். அப்போது அம்மா சொல்வதையும் கைபேசியில் பதிவு செய்துகொள்கிறேன். 2003இல் தொடங்கியது, இப்போது 2006 வரை வந்திருக்கிறது.